சோளக்களிக்கு மட்டும் விலக்கு

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே, மொபெட்டின் முன்பக்கத்தில் இரு முழங்கால்களுக்கிடையே ஒரு மூட்டையை இடுக்கிக்கொண்டு, இறங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் நின்ற மனிதரிடமிருந்துதான் இதை நான் தொடங்க வேண்டும். வண்டியின் எஞ்சினை அவர் அணைக்கவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை தாம் இங்கு வந்ததாகக் கணக்கில்லை என்று அவர் கருதியிருக்கலாம். நான் கேட்டைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மூட்டையைப் பார்த்துச் சொன்னார்: "கோழித் தீவனக் கம்பெனிக்குப் போட்டது போக மிச்சமுங்க. மக்காச்சோளம். வேணும்னா வெச்சுக்கங்க. வேண்டாம்னாச் சொல்லிப்போடுங்க, திருப்பி எடுத்துட்டுப் போயிர்றனுங்க."

அவர் என் சம்பந்தி. அவருடைய ஒரே மகள் என் மகனை விரும்பிப் பதிவு அலுவலகத்தில் மணந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவர்கள் உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டமும் தென்னந்தோப்பும் உடையவர்கள். நாங்கள் தறி நெய்த குடும்பம். என் தலைமுறையில்தான் தறியை விட்டுப் புத்தகத்தைப் பிடித்தோம். சாதி வேறு என்பதை இதைவிட விரித்துச் சொல்ல நான் விரும்பவில்லை. திருமணத்துக்கு அவர் வரவில்லை. அந்த வாரமே தம் குலக்கோயிலில் பங்காளிகள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் ஒருநாளும் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் கை நனைப்பதென்றால் அந்த வீட்டாரை உறவென்று ஒப்புக்கொள்வது. என் மருமகள் இதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தேவைக்கு மேல் ஓர் ஆழாக்கு அரிசி போடுவாள். மிஞ்சுவதை மறுநாள் காலை அவளே தின்றுவிடுவாள்.

உள்ளே வாருங்கள் என்றேன். வந்தார். என் மனைவிக்கே அது வியப்பாக இருந்தது. செருப்பை ஒழுங்காக ஓரத்தில் கழற்றியபடி, நாங்கள் கேட்காத கேள்விக்கு அவரே விடை சொன்னார்: "உள்ள வர மாட்டேன்னு நான் சொல்லலீங்க. கை நனைக்க மாட்டேன்னுதானுங்க சொன்னது." ஒரு வாக்கியத்தை அது சொல்லும் அளவுக்கு மட்டுமே பொருள்கொள்ளும் மனிதரை, முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்திய எனக்கு உடனே பிடித்துப்போனது. என் மாணவர்களில் ஒருவர்கூட வினாத்தாளை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. மகள் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பை வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்து, ஐந்து நிமிடம் அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மூட்டை மிஞ்சியது. எங்கள் பக்கத்தில் மக்காச்சோளத்தை விளைவிப்பவர்கள் ஏராளம். வீட்டில் சமைப்பவர்கள் அரிது. அது பல்லடத்துக் கோழிகளின் உணவு. "கோழிக்குப் போடறதை நமக்குப் போட்டுட்டுப் போறாரு. நீங்க படிச்ச படிப்புக்கு இதை நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லி, என் மனைவி சமையலறையின் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தாள். குக்கரில் ஒன்பது விசில் வைத்தேன். சோளம் சூடானது, அதற்குமேல் அதனிடம் எந்த மாறுதலும் தென்படவில்லை. பிறகு பத்துக் கிலோவை மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன்.

"கோழிக்குங்களா சார்?" என்றார் மில்காரர்.

"இல்லீங்க. எங்களுக்கு."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு மரியாதை குறையாமல், "எத்தனை உருப்படிங்க?" என்று கேட்டார். வயதானவை இரண்டு, வேலைக்குப் போகிறவை இரண்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வாய் தவறியும் பொய் சொல்லாதவன் என்று வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. "நாங்களே சாப்பிடப் போகிறோம்" என்று திரும்பவும் சொன்னேன். அவர் இரக்கத்தோடு அரைத்துக் கொடுத்தார்.

என் பாடம் ஜவுளி வேதியியல். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது பற்றியும், மாவுப்பொருள் சூட்டில் எவ்வாறு நீர் குடித்து ஊதிக் கூழாகிறது என்பது பற்றியும் எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் என் கூழ் ஒருநாளும் கட்டிதட்டியதில்லை. வீட்டில், கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டிய கணத்திலேயே அது கோலிக்குண்டுகளாக உருண்டுகொண்டது. மருமகள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க மாமா, முதல்ல கொஞ்சம் மாவைப் பச்சைத் தண்ணியில கரைச்சு ஊத்தோணுமுங்க. அது கொதிக்கறப்பத்தான் மிச்ச மாவைப் போட்டுக் கிண்டோணும்" என்றாள். இதே செய்தி என் பாடக்குறிப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் முறை களி திரண்டு வந்தது. அவள்தான் கிண்டினாள்.

அடுத்த மாதம் அவர் மறுபடி வந்தார். "சோளம் ஆச்சுங்களா?" என்றார். அன்று ஏதோ ஒரு துணிச்சல் எனக்கு வந்தது. ஒரு தட்டில் களியை வைத்து அவர்முன் நீட்டி, "இதில் எங்களுடையது ஒன்றுமில்லீங்க. உங்கள் தோட்டத்துச் சோளம். கிண்டியது உங்கள் பெண். பதம் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றேன். கதவுக்குப் பின்னால் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வளையல் ஓசை நின்றது எனக்குக் கேட்டது.

அவர் தட்டைப் பார்த்தார். சட்டம் படித்தவரைப்போல யோசித்தார்.

"தண்ணி யாருதுங்க?"

திருப்பூரில் எந்த வீட்டிலும் தண்ணீர் சொந்தமில்லை. ஆழ்துளைக் கிணற்றில் வருவதை வாயில் வைக்க முடியாது. எல்லோரும் கேன் தண்ணீர்தான். "அது கேன்காரருடையதுங்க" என்றேன், வென்றுவிட்ட மிதப்பில்.

"காசு யாரு குடுத்தது?"

"என் மகன்."

"அப்ப அது இந்த ஊட்டுத் தண்ணிதானுங்க" என்று தட்டைப் பணிவோடு என் பக்கம் நகர்த்தினார். வாதத்தில் அவ்வளவு சுருக்கமாக நான் தோற்றது அதற்குமுன் ஒருமுறைதான். அது என் மனைவியிடம்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். மாதம் முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மூட்டை முன்னால், இருபது லிட்டர் கேனில் தம் கிணற்றுத் தண்ணீர் பின்னால், ஹேண்டில் பாரில் மோர் நிறைந்த தூக்குப்போசி, தோளில் இரண்டு தேங்காய். "தோட்டத்துல சும்மா கெடந்துதுங்க" என்றார். கிணற்றுத் தண்ணீர் சும்மா கிடந்ததாகச் சொன்ன முதல் விவசாயி அவராகத்தான் இருக்க வேண்டும். உப்பைப் பற்றி நானே கேட்டேன். "உப்பு கடல்ல வெளையறதுங்க. அது யாருதும் இல்லீங்க" என்றார். எரிவாயுவுக்கும் விலக்குக் கிடைத்தது. நெருப்பு யாருக்கும் சொந்தமில்லை. பாத்திரம் யாருடையது என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. சிலவற்றைக் கேட்காமல் விடுவதற்கும் ஒரு புலமை வேண்டும்.

அன்று அவர் இரண்டு உருண்டை களி சாப்பிட்டார். தம் கேன் தண்ணீரிலேயே கை கழுவினார். "நல்லாருக்குதுங்க" என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் விழுங்கிய விதத்திலேயே தெரிந்தது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதை விட்டால் அவர் எங்கள் வீட்டில் வாய் வைக்க வேறு வழியே கிடையாது என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும்; ஐந்தாவதாக அவருக்கும் தெரியும். ஆகவே ஓய்வூதியம் வாங்கும் என் மீதிப் புலமை அனைத்தையும், அவர் நிலத்தில் விளைகிறவற்றை மட்டும் கொண்டு என்னென்ன சமைக்கலாம் என்ற ஆராய்ச்சியில் செலுத்தினேன். சோள அடை, தேங்காய் துருவிப் போட்ட சோளப் பிட்டு, மோரில் கரைத்த சோளக்கூழ். இவை தேறின.

அல்வா தேறவில்லை. கடையில் கிடைக்கும் கார்ன்ஃப்ளவரில் அல்வா கிண்டலாம். அது சோளத்திலிருந்து பிரித்த வெறும் மாவுப்பொருள். அதை வீட்டிலேயே பிரிப்பதென்று முடிவு செய்தேன். சோளத்தை மூன்று நாள் ஊறவைத்து, கிரைண்டரில் அரைத்து, பாலாக வடிகட்டி, அடியில் படியும் வெள்ளைப் படிவத்தை மொட்டைமாடியில் காயவைக்க வேண்டும். வடிகட்டுவதற்கு இந்த ஊரில் துணிக்கா பஞ்சம்? மகன் கம்பெனியிலிருந்து பனியன் கட்பீஸ் ஒரு கட்டு கொண்டுவந்தான். பிழியப் பிழியப் பின்னல் துணி இழுத்துக் கொடுத்தது; தவிடு முழுவதும் கீழே இறங்கிவிட்டது. பின்னலுக்கும் நெசவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டவன் நான். என் மனைவி பழைய வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வேட்டி வேலை செய்தது. மிஞ்சிய மாவை வீணாக்குவானேன் என்று துவைத்த துணிகளுக்குக் கஞ்சியாகப் போட்டேன். "மாமா, இவரு டி-ஷர்ட் தானா நிக்குதுங்க" என்று மருமகள் மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போன என் மகனிடம், இது என்ன ஃபினிஷிங், எந்தச் சாயப்பட்டறையில் கொடுத்தது என்று இரண்டு பேர் கேட்டார்களாம்.

அல்வாவுக்கு அவருடைய தேங்காய்ப்பால், அவர் பங்காளி ஆலையில் காய்ச்சிய வெல்லம். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. கத்தி உள்ளே போயிற்று. திரும்பி வர மறுத்தது. சம்பந்தி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மௌனமாக இருந்தார். பேச முடியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. "கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்க. அவ்ளோதானுங்க" என்று சொல்லி, இரண்டாவது துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வழியில் தின்பதாகச் சொன்னார். கோழிகள் தின்றிருக்கும்.

இப்படி இரண்டு ஆண்டுகள் போயின. அவர் என்னைச் சம்பந்தி என்று அழைத்ததில்லை, கடைசிவரை "சாருங்க"தான். நாங்கள் பேசியதும் அதிகமில்லை. சோளம், மழை, மருமகளின் வேலை நேரம், மறுபடியும் சோளம். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதலாகப் போடும் ஆழாக்கு அரிசி மட்டும் நிற்கவில்லை. அப்பா களியைத் தின்றுவிட்டுப் போன பிறகு, அடுப்பில் மூடியிருக்கும் அந்தச் சோற்றை அவள் திறந்துகூடப் பார்க்க மாட்டாள்.

மூன்றாவது ஆண்டு மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. அவர் தோட்டத்தில் ஒரு கதிர்கூடத் தேறவில்லை. பழைய இருப்பும் தீர்ந்தது. இரண்டு ஞாயிறுகள் அவர் வரவில்லை. மருமகள் வாசல் பக்கமே திரும்பாமல் வீட்டு வேலையைச் செய்தாள். அது திரும்பிப் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு மொபெட் வந்தது. தண்ணீர்க் கேன் இருந்தது, தூக்குப்போசி இருந்தது. மூட்டை இல்லை. அவர் மடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து, ஊரே பார்க்கிறதோ என்பதுபோல் கூச்சத்தோடு என்னிடம் நீட்டினார். உடுமலையில் ஏதோ கடையில் வாங்கிய கார்ன்ஃப்ளவர்.

"இதுவுஞ் சோளந்தானுங்களே?" என்றார்.

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எவனும் சொல்லியிருப்பான். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்துகளை முழுவதும் படித்தேன். வட மாநிலத்தில் எங்கோ தயாரானது. "சோளந்தானுங்க. ஆனால் இது உங்கள் தோட்டத்தில் விளைந்ததில்லையே" என்றேன்.

சமையலறையில் என் மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியதும் அப்போதுதான். இரண்டு ஆண்டுகளாக, உருண்டை உருண்டையாக நாங்கள் விழுங்கிக் கட்டிய ஒன்றை, ஒரே வாக்கியத்தில் நானே இடித்துவிட்டேன்.

அவர் பெட்டியைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "இல்லீங்க. காசு குடுத்து வாங்குனதுங்க" என்றார். பொய் சொல்ல அவருக்கும் வரவில்லை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எழுந்தார். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்து நின்றார்.

"கண்ணு, இன்னைக்கி என்ன ஆக்கிருக்கற?"

உள்ளே ஒரு மூடியைத் திறக்கும் ஓசை கேட்டது. பிறகு, "அரிசியும் பருப்புஞ் சோறுதானுங்கப்பா" என்று வந்தது.

"நெய் இருக்குதா?"

"ஊத்துக்குளி நெய்யிங்கப்பா."

"அப்பப் போடு. இந்தக் கருமத்தை எத்தனை நாளைக்குத் திங்கறது."

எங்கள் குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் பரிமாறியதும் தலை நிமிராமல்தான். நான் கொண்டுவந்த மோரை என் மனைவி கண்ணாலேயே திருப்பி அனுப்பினாள். அந்த நேரத்தில் அங்கே எனக்கு வேலையில்லை. போகும்போது வண்டியைக் கிளப்பிவிட்டு, என் காதருகே சொன்னார்: "பங்காளிகளுக்கு மட்டும் களின்னே இருக்கட்டுமுங்க."

அதன்பின் ஏழெட்டு ஞாயிறுகள் வந்திருப்பார். வெறுங்கையோடு. போன மாசியில் ஒரு காலை, தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போனவர் வாய்க்கால் ஓரத்திலேயே சாய்ந்துவிட்டார். அதைப் பற்றி எழுத என்னிடம் சொற்கள் இருக்கின்றன. எழுதும் உத்தேசம் இல்லை.

காரியத்துக்கு எங்களையும் முறைப்படி அழைத்திருந்தார்கள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அவருடைய பங்காளிகளில் அவருக்கு அடுத்த மூத்தவர் உட்கார்ந்தார். சாப்பிடத் தொடங்குமுன் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க சார், எங்கண்ணன் உங்கூட்டுக்கு வந்தா, அவுரு தோட்டத்துச் சோளக்களி தவுத்து ஒண்ணையும் தொடலையாமே. நெசமுங்களா?" என்று கேட்டார்.

வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் வாக்கியங்களைத் திருத்தியே பழகியவன் நான்.

"ஆமாங்க" என்றேன். "களி மட்டுந்தானுங்க."

"எங்கண்ணன் சொன்னாச் சொன்னதுதானுங்க" என்று அவர் நிறைவோடு தலையசைத்தார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு அதில் விழுந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவள் என் மருமகள்.