ஞாயிறுதோறும் எல்லை தாண்டிய டிஎன் 75

நேற்று திருவனந்தபுரத்தில் கரமனைச் சிக்னலில் என் முன்னால் ஒரு கார். நம்பர் பிளேட்டில் மாநிலமும் இல்லை, ஊரும் இல்லை. பிஹெச் என்று இரண்டெழுத்து. அடிக்கடி மாற்றலாகிற உத்தியோகக்காரர்களுக்கு சர்க்கார் கொடுத்த சலுகையாம், எந்த மாநிலத்துக்குப் போனாலும் நம்பரை மாற்ற வேண்டாமாம். எனக்கு வந்ததே கோபம்! அந்த நிம்மதிக்காக நான் இந்த ஊரில் எத்தனை வாய்ச்சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா?

அப்பா காலத்தில் இங்கே கேஎல்டி என்று மூன்றெழுத்து. கடைசி எழுத்துதான் ஊர். பிறகு மாநிலத்துக்கு இரண்டெழுத்து, ஊருக்கு ஓர் எண் என்று ஆனது. திருவனந்தபுரம் கேஎல் 01, எங்கள் மார்த்தாண்டம் டிஎன் 75. ஜவுளிக்கடை வேலைக்கு நான் இங்கே ஸ்கூட்டரில் வந்தபோது, வாயைத் திறக்கும் முன்பே, தமிழர்களை இங்கே கேலியாகச் சொல்கிற மாதிரி, என்னை "பாண்டி" என்று கூப்பிட அந்த 75 போதுமாயிருந்தது. மாற்றுவேனா நான்?

மழைக்கோட்டு ரப்பர் வாசனை வந்தால் இன்றைக்கும் ஒரு மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ஞாபகம்தான். கொட்டுகிற மழையில் நிறுத்தினார்.

"பந்த்ரண்டு மாசம் கழிஞ்ஞில்லே சேச்சி? கேஎல் ஆக்கணும். இல்லெங்கில் வண்டி பிடிக்கும்."

சட்டம் அதுதான், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் நம்பரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்துவைப்பார்கள். ஆனால் நான் எங்கள் ஊர்ச் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவள்.

"ஞாயித்துக்கிழமை தோறும் என் வண்டி களியக்காவிளை எல்லை தாண்டுது சார். சேர்ந்தாப்ல பன்னிரண்டு மாசம் இங்க எங்க நின்னுது?"

அவர் சிரித்துவிட்டார். "இது வல்லாத்த பாண்டி தன்னே!"

"பொல்லாத பாண்டிதான் சார். வழி விடுங்க."

அவர் விலக, நான் வண்டியைக் கிளப்பினேன். அதற்கப்புறம் காய்ச்சலாய்க் கிடந்தாலும் ஒரு ஞாயிறு விட முடியவில்லை. போதகர் என் பக்தியைப் பிரசங்கத்திலேயே புகழ்ந்தார். பக்தியாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாம் நம்பர் பிளேட்டு!

போன வருஷம் அந்த ஸ்கூட்டர் உயிரை விட்டது. புதியதற்கு கேஎல் 01. ஹோலோகிராம் ஒட்டி, கழற்ற முடியாத ஆணி அடித்து ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். இங்கே இப்போது யாரும் நிறுத்துவதில்லை. போன ஞாயிறு மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு போலீஸ்காரத் தம்பி கை காட்டினான்.

"கேரளா வண்டியா? எவிட போகுன்னு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எங்கள் ஊரில் பிள்ளைகளைச் செல்லமாக அழைக்கிற மாதிரியே அழைத்தேன். "மக்களே, நான் எங்க ஊருக்குப் போறேன். என்கிட்ட எதுக்கு மலையாளம்?"

அசடு வழிய வழிவிட்டான். எனக்காக இத்தனை காலம் பேசிய அந்த 75 போய்விட்டது. இனி நானேதான் பேச வேண்டும். பேசுவேன்.