மரப்பட்டிக்கு ரேஷன் கார்டு

அரசு ஊழியர் புத்தகம் வெளியிடுவதானால் முன் அனுமதி பெற வேண்டும். அது கதை, கவிதை போன்ற இலக்கியமாக இருந்தால் அனுமதி தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில் இருந்த நடத்தை விதிப் புத்தகத்தில் முதல் வாக்கியம் ஒரு பக்கத்தின் கடைசி வரியிலும், இரண்டாவது வாக்கியம் அடுத்த பக்கத்தின் முதல் வரியிலும் அச்சாகியிருந்தன. நான் பக்கத்தைத் திருப்பவில்லை. விஷயம் இவ்வளவுதான். அவசர வேலை இருப்பவர்கள் இத்துடன் எழுந்து போகலாம்.

இன்று காலை என் மதில் சுவரில் யாரோ ஒரு பயிற்சி மையத்தின் சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கும் சட்டம் உண்டு. புகாரை யாருக்கு முகவரியிட்டு, யாருக்கு நகல் போட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். பேனாவோடு வெளியே வந்து சுவரொட்டியில் இருந்த விவரங்களைக் குறிக்கக் குனிந்தபோது பசையின் மணம் மூக்கில் ஏறியது. மைதாவைக் காய்ச்சி, துரிசு போட்ட பசை. ரப்பர் மரத்துக்கு மருந்தடிக்க வாங்குவோமே, அந்த நீலக்கல்தான். பசையில் ஒரு சிட்டிகை போட்டால் கரப்பான் கிட்டே வராது. புகார் அப்படியே நின்றுபோய்விட்டது. நினைப்பில் ரெத்தினபாய் அக்காவின் அடுக்களைக்குள் போய் நின்றேன்.

அக்கா குழந்தைகள் பிரிவு நூலகர். கருங்கல் ஊரில் இருந்து கால் மணி நேர பஸ் தூரத்தில், வாடகை வீடு ஒன்றில் நூலகம் இருந்தது. முன்னறையில் பெரியவர்கள் நாளிதழைப் பங்கு போட்டுப் படித்தார்கள். குழந்தைகள் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது வீட்டின் அடுக்களை. அடுப்பு மேடையில் படக்கதைகள், பானை வைக்கும் பலகையில் விலங்குக் கதைகள், புகைக்கூண்டுக்குக் கீழே அக்காவின் நாற்காலி. மழை பெய்தால் கரி கலந்த தண்ணீர் கதை கேட்கும் பிள்ளைகளின் தலையில் சொட்டும். ஒரு பிள்ளையும் எழுந்து போனதில்லை. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையை அக்கா திருப்பி வைத்து, அதன் முதுகில் பசை தடவிய சீட்டுகளைக் காயப் போட்டிருந்தார்.

நான் அப்போது நாகர்கோவிலில் நூலகத் துறை அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. விதிகளை எழுதியவனே நான்தான் என்ற நினைப்பு. ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்காக அங்கே போனேன். அக்கா புத்தகங்களில் தேதிச் சீட்டு ஒட்டிக்கொண்டே பேசினார்.

“சாரே, எனக்க புக்கு ஒண்ணு கோட்டாத்துல அச்சுல கெடக்கு. மரப்பட்டி கதை.”

மரப்பட்டி என்றால் மரநாய். ராத்திரி ஓட்டுக்கு மேலே கல்யாண வீடு போல் ஓடுமே, அது. அக்கா அதற்கு முன்பு இரண்டு சிறுவர் நூல்கள் எழுதியிருந்தார். அலுவலகத்தில் யாரும் படிக்காததால் யாருக்கும் விதி ஞாபகம் வரவில்லை. நானும் படிக்கவில்லை. ஆனால் விதி ஞாபகம் வந்துவிட்டது.

“அனுமதி வாங்கினீங்களா அக்கா?”

“மரப்பட்டியிட்டயா?”

“மேலிடத்துல.”

அக்கா பசைத்தூரிகையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வாங்காட்டி என்னவாம்?” “ஒழுங்கு நடவடிக்கை வரலாம்” என்றேன். அக்காவின் நல்லதுக்காகச் சொல்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். விண்ணப்பத்தையும் நானே எழுதினேன், உரிய வழியாக, மூன்று பிரதி. அக்கா கையெழுத்துப் போட்டார். “அப்போ பதில் வர்றது வரைக்கும் அச்சு வேண்டாம், இல்லியா?” “வேண்டாம்” என்றேன், நாலு ஊருக்குக் கேட்கும்படி.

மூன்று வாரம் கழித்து வேறொருவருடைய வேலைக்காக விதிப் புத்தகத்தைப் புரட்டியபோது அடுத்த பக்கத்தின் முதல் வரியைப் படித்தேன். அக்காவுக்கு அனுமதியே தேவையில்லை. மனுவைத் திரும்பப் பெறலாம்தான். ஆனால் திரும்பப் பெற மேலிடத்துக் கோப்பு எண்ணைக் குறிப்பிட வேண்டும். அந்த எண் வந்திருக்கவில்லை. உண்மைக் காரணம் அது இல்லை என்று நீங்கள் நினைத்தால் நான் மறுக்கப்போவதில்லை. ‘அக்கா, நான் பக்கத்தைத் திருப்பலை’ என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். எங்கள் உத்தியோகத்தில் தவறு செய்தவன் மனம் வருந்தும் முறை அது.

கோட்டாற்று அச்சுக்கூடக்காரர் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அப்போதெல்லாம் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, பக்கம் பக்கமாகக் கட்டி வைப்பார்கள். அக்காவின் புத்தகம் கட்டியபடியே கிடந்தது.

“வே, நீருதானா அந்த ஆபீசரு? எனக்க கடையில உள்ள ‘ம’ முழுசும் அந்த மரப்பட்டியில மாட்டிக் கெடக்கு. ஆவணி பொறந்தாச்சு. மணமகன், மணமகள்னு கோக்க எழுத்து இல்ல. நாலு கல்யாணம் நிக்கி வே!”

கல்யாணங்களை நிறுத்திய பாவமும் வேண்டாம் என்று கட்டைப் பிரிக்கச் சொன்னேன். மரப்பட்டி ஈய எழுத்துகளாகச் சிதறி, அந்த ஆவணியில் பல வீடுகளுக்குக் கல்யாணக் கடிதமாகப் போனது.

அக்கா கோபப்படவில்லை. கையெழுத்துப் பிரதியைத் தைத்து, அட்டை போட்டு, தேதிச் சீட்டு ஒட்டி அடுப்பு மேடையில் வைத்துவிட்டார். கதை இதுதான்: கொல்லாமரத்தில், அதாவது முந்திரி மரத்தில், குடியிருக்கும் மரப்பட்டி ரேஷன் கார்டு கேட்டு ஆபீசுக்குப் போகிறது. அங்கே கண்ணாடி போட்ட ஆமை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ‘எந்தக் கிளை? கிளைக்கு எண் உண்டா? உரிய வழியாக வந்தீரா, இல்லை தாவி வந்தீரா?’ மரப்பட்டி காத்திருக்கிறது. சனிக்கிழமை தோறும் அக்கா படித்துக் காட்டுவார். நான் ஒரு நினைவூட்டு அனுப்பினால் கதையில் ஓர் அத்தியாயம் கூடும். அடுத்த ஆண்டு சரிபார்ப்புக்குப் போனபோது வாசலில் நின்ற ஒரு சிறுமி உள்ளே பார்த்துக் கத்தினாள்: “டீச்சரே, ஆமை வருவு!”

அடுக்களை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு.

அந்தச் சரிபார்ப்பில் மரப்பட்டி என்னைத் திணறடித்தது. புத்தகம் குறைந்தால் எழுதப் படிவத்தில் இடம் உண்டு. பதிவேட்டில் இல்லாத புத்தகம் ஒன்று கூடுதலாக இருந்தால் எழுத இடம் கிடையாது. எந்த நூலகத்திலும் அப்படி நடக்கும் என்று படிவம் தயாரித்தவர் நினைக்கவில்லை. அங்கே அதிகம் இரவல் போன புத்தகம் அந்த ஒன்றுதான். சீட்டுக்கு மேல் சீட்டாக ஒட்டி, பின்னட்டை தடித்துப் போயிருந்தது. ‘கூடுதல் புத்தகம் எதுவும் ஆய்வின்போது பார்வைக்கு வரவில்லை’ என்று எழுதினேன். முப்பது வருட உத்தியோகத்தில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய்.

வாரா வாரம் பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே கேட்பார்கள்: “டீச்சரே, கார்டு கிட்டிச்சா?”

“இல்ல மக்களே. ஆமை லீவுல போயிருக்கு.”

“செத்துப் போச்சா?”

“ஆமைக்கு ஏதுலே சாவு? பென்சன் உண்டுல்லா.”

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து நர்சானார்கள், வளைகுடாவுக்குப் போனார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே கேட்டார்கள். பதில் வராமலே அக்கா ஓய்வு பெற்றார். இனி எந்த அனுமதியும் வேண்டாம், அச்சிடலாம் என்றேன். “கேட்டாச்சு சாரே. பதில் வரட்டும். முடிவு எழுதாம எப்பிடி அச்சு போட?” என்றார். அந்த ஒவ்வொரு ‘சாரே’யும் எனக்குள் முள்ளாக இறங்கியது.

பிறகு நானும் ஓய்வு பெற்றேன். மற்றவர்கள் ஓய்வுக்குப் பின் நடைப்பயிற்சி செய்கிறார்கள். நான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். மேல்முறையீடு செய்தேன். கடைசியில் ஒரு கடிதம் வந்தது: ‘பார்வையில் காணும் பொருளில் முன் அனுமதி தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.’

அன்றே பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். கடிதத்தைப் படித்துக் காட்டி, பக்கத்தைத் திருப்பாத கதையையும் சொல்லி முடித்தேன். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தது, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும் சாரே. எனக்க கிட்டயும் அந்த ரூல் புக்கு உண்டும். நான் திருப்பிப் பாத்தேன்.”

“பின்னே ஏன் அக்கா...?”

“மொதல்ல ஒம்ம மொகத்தைப் பாத்தேன். புது உத்தியோகம், பாவம். பொறவு பாத்தா, பிள்ளைய கார்டு கேக்க வருதுவ. கார்டு கிட்டியாச்சின்னா, அடுத்த சனிக்கெழம எதுக்கு வரும்?”

சிரித்துச் சிரித்து அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, அந்தத் தடித்த கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தில் எழுதினார்: ‘ஆமை சொன்னது: மரத்தில் குடியிருப்பவர்களுக்குக் கார்டு வேண்டாம். போய்ச் சாப்பிடு.’ எழுதிவிட்டு வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சனிக்கிழமைதான். யாரும் வரவில்லை.

அடுக்களை நூலகம் சாலை அகலமானபோது போய்விட்டது. புதுக் கட்டடத்தில் குழந்தைகள் பிரிவின் சுவரெல்லாம் கார்ட்டூன், குளிர்சாதனம்கூட உண்டு. தேதிச் சீட்டு இல்லை, பசை இல்லை. புத்தகத்தை இயந்திரத்தில் காட்டினால் ஒரு சத்தம் வரும். கதை முடியாமல் இருக்கிறதே என்று யாரும் யாரையும் கேட்பதாகத் தெரியவில்லை.

அக்கா மேசை இழுப்பறையைத் துழாவி நூலகத்தின் பழைய தேதி முத்திரையை எடுத்தார். ஓய்வு பெற்ற அன்று அது பைக்குள் வந்துவிட்டதாம். அதற்கான விதியை நான் சொல்லவில்லை. அன்றைய தேதியையும் மாதத்தையும் திருகினார். வருடப் பட்டை எப்போதோ தீர்ந்திருந்தது. அந்த முத்திரை செய்தவர்கள் இவ்வளவு காலத்தை எதிர்பார்க்கவில்லை. வருடத்தை வெற்றிடத்துக்குத் திருகி, மைத்திண்டில் ஒற்றி, மரப்பட்டியின் தேதிச் சீட்டில் கடைசிக் கட்டத்தில் அழுத்தினார்.

14 ஆகஸ்ட்.