குண்டுவுக்குக் கண் வைக்கும் நாள்

வெல்வெட்டுத் துணியைக் கத்தரியால் வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத தூசு கிளம்பி மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் ஒரு நமைச்சல், பிறகு மிஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை, அப்புறம் வரிசையாகத் தும்மல். இன்றைக்கும் சோபா தைக்கிற கடையைத் தாண்டும்போது நான் தும்மினால், கூட வருகிறவர்கள் "ஜலதோஷமா?" என்று கேட்கிறார்கள். ஜலதோஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, அம்மா ஞாபகம் என்று நடுரோட்டில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா? "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு நடப்பேன்.

அல்சூருக்குப் பக்கத்தில் ஜோகுபாளையத்தில் ஒரு "வட்டாரம்". அதாவது ஒரு முற்றம், ஒரு குழாய், அதைச் சுற்றி ஓட்டுவீடுகள், காலையில் குடத்தை வைத்துக்கொண்டு தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிச் சண்டை. தெருவைப் பார்த்த வாசல் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் இருந்தது. அப்பா லாரி ஆபீசில் வேலை பார்த்தார். அம்மா வீட்டில் துணிப் பொம்மை தைத்தாள். முயல், கரடி, எருமை, யானை என்று ஒரு காடே அந்த ஒற்றை அறையில் குடியிருந்தது. நாங்கள் மூன்றாம் பிறையில் சந்திரனைத் தேடுவதுபோல அதற்குள் எங்கள் பாடப் புத்தகத்தைத் தேடுவோம்.

அம்மா யாரிடமும் இதைக் கற்றுக்கொண்டதில்லை. தெருவில் எருமை போனால் வாசலில் நின்று அது முனை திரும்பும்வரை பார்ப்பாள். உள்ளே வந்து பழைய செய்தித்தாளை இரண்டாக மடித்து, கோடுகூடப் போடாமல் சரக் சரக்கென்று வெட்டுவாள். பிரித்தால் அந்த எருமையே, அதன் ஒடுங்கிய வயிறும் சரிந்த கொம்புமாகக் காகிதத்தில் நிற்கும். வெல்வெட்டு, சோபா கடையில் மிஞ்சிய துண்டு. உள்ளே அடைப்பதற்குக் கார்மென்ட்ஸில் கழித்துப் போடும் "சிந்தி", அதாவது கிழிசல் துணி. அதை விரல் நீளத்துக்கு நறுக்குவது எனக்கும் விஜி அக்காவுக்கும் உள்ள வேலை. பொம்மையை உள்வெளியாகத் தைத்து, வயிற்றில் ஓர் ஓட்டை விட்டு, அதன் வழியாகப் புரட்டி எடுக்க வேண்டும். மற்ற மிருகமெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும். யானையின் தும்பிக்கை மட்டும் உள்ளேயே சுருண்டுகொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அம்மா கரண்டிக் காம்பை விட்டுக் குத்திக் குத்தி, "வாடா, வெளியே வந்துதான் பாரேன், ஒலகம் ஒண்ணும் கடிச்சுடாது" என்று கெஞ்சுவாள். எங்களிடம் அவள் அவ்வளவு பொறுமையாக ஒருநாளும் பேசியதில்லை.

இவ்வளவு செய்தும் அந்தக் காட்டில் ஒரு மிருகத்துக்கும் கண் இருக்காது.

அம்மாவின் அப்பா குடியாத்தம் பக்கத்தில் களிமண் பிள்ளையார் செய்கிறவர். பிள்ளையாரை வாங்க ஆள் வந்து நின்ற பிறகுதான் கண் திறப்பாராம். அந்த வழக்கத்தை அம்மா அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கரடிக்கும் முயலுக்கும் வைத்துவிட்டாள். பொம்மை கேட்டவர் வாசலுக்கு வர வேண்டும். அம்மா வாசற்படியில் வீட்டுக்கு முதுகு காட்டி உட்காருவாள். பொம்மையின் முகமும் தெருவைத்தான் பார்க்க வேண்டும். நீளமான ஊசியில் இரட்டை நூல் கோத்து, கறுப்புப் பொத்தானை ஒரு பக்கம் வைத்து, ஊசியைத் தலைக்குள் விட்டு மறுபக்கம் எடுத்து, அங்கே இன்னொரு பொத்தானைக் கோத்து, இரண்டையும் சேர்த்து உள்ளே இழுத்து முடிச்சுப் போடுவாள். அந்த இழுப்பில்தான் பொத்தான் இரண்டும் குழிக்குள் இறங்கி, அதுவரை மூட்டையாக இருந்தது சட்டென்று உங்களைப் பார்க்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நேரத்தில் புல்லரிக்கும்.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு டீச்சரம்மா வருவார். கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் அவர் வீட்டுக்கு எங்கள் பொம்மைதான். வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "ஏம்மா, இத முன்னாடியே வெச்சு ரெடியா வெக்கக் கூடாதா? எனக்கு பஸ்ஸு போயிடும்."

"கண்ணு வெச்சா அது பாத்துடும் டீச்சரம்மா. நம்ம வீட்டப் பாத்துடுச்சுன்னா அப்புறம் உங்க வீட்ல எப்படி இருக்கும்? போற எடத்ததான் மொதல்ல பாக்கணும்."

"நல்லா இருக்கு போ" என்று டீச்சரம்மா சிரிப்பார். ஆனாலும் உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை விஜி அக்கா, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், டீச்சரம்மாவின் முயலுக்குத் தானே கண் வைத்துவிட்டாள். அதுவும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வீட்டைப் பார்க்க. அம்மா வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். டீச்சரம்மா முயலை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, குழந்தை பயந்து அழுகிறது என்று கொடுத்துவிட்டார். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயுமாக அது முறைத்த முறைப்பில் யாருக்குத்தான் பயம் வராது! ஆனால் அம்மாவுக்கு அந்தக் காரணமெல்லாம் காதில் ஏறவில்லை. "சொன்னேனா இல்லியா? வீட்டப் பாத்துடுச்சு. வழி தெரிஞ்சு வந்துடுச்சு பாரு" என்றாள். அந்த முயல் எங்கள் அரிசி டின் மேல் காலம் முழுக்க முறைத்துக்கொண்டு கிடந்தது. நான் அம்மா சொன்னதை முழுசாக நம்பினேன்.

நம்பியதால்தான் எனக்கு வந்தது தொல்லை. அவ்வளவு பொம்மை நடுவில் எனக்கென்று ஒன்று இல்லையே என்று நான் அழுத அழுகையில், அம்மா சாம்பல் நிற வெல்வெட்டில் ஒரு யானை தைத்துக் கொடுத்தாள். அதற்கு நான் வைத்த பெயர் குண்டு. காதுக்கு அளவு எடுக்க டீ குடிக்கிற சாசரைக் கவிழ்த்து வெட்டியதில், காது இரண்டும் உடம்புக்குப் பொருந்தாமல் முறம் மாதிரி விரிந்து நின்றது. "என்னம்மா இவ்ளோ பெரிய காது?" என்று நான் முகத்தைச் சுளிக்க, "கண்ணு இல்லாதவனுக்குக் காதாவது பெருசா இருக்கட்டும்டி" என்றாள்.

"கண்ணு எப்ப வெப்ப?"

"கண்ணு வெச்சா கெளம்பிடும். பரவால்லியா?"

பரவாயில்லையா என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்! குண்டு என்னைப் பார்க்க வேண்டும். ஆனால் என்னை விட்டுப் போகக் கூடாது. ஒருநாள் அடுப்புக் கரியால் நானே இரண்டு கண் வரைந்துவிட்டேன். வரைந்த கையோடு பயம் பிடித்துக்கொண்டது. பாவாடை நாடாவை எடுத்து அதன் காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். அப்படியும் மனசு கேட்காமல், ஈரத்துணியால் கண்ணைத் துடைத்து அழித்தேன். சாம்பல் வெல்வெட்டில் கறுப்பாக ஒரு தீற்றல் மட்டும் மிச்சம் இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், திட்டவில்லை. என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, "நீ கல்யாணமாகி இந்த வீட்ட விட்டுப் போவ இல்ல? அன்னிக்கு இவனுக்குக் கண்ணு வெச்சு உங்கூடவே அனுப்பறேன். ரெண்டு பேரும் சேர்ந்து புது வீட்டப் பாருங்க" என்றாள். அப்பாவின் பழைய கோட்டிலிருந்து இரண்டு கறுப்புப் பொத்தானைப் பிய்த்து, என் கண் முன்னாலேயே மிஷின் டிராயரில் போட்டாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் வளர்ந்தேன். மற்றப் பெண்கள் கல்யாணம் என்றால் பட்டுப்புடவையை நினைப்பார்கள். நான் குண்டுவின் கண்ணை நினைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், பெண் பார்க்க வந்தவரிடமே நான் முதலில் பேசியது இந்தக் கதைதான். அவரும் ஓடிப்போகாமல் கட்டிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து கிளம்புகிற அன்று வீட்டில் ஒரே கலவரம். வேன் ஹாரன் அடிக்கிறது, யாரோ சீர்ப் பாத்திரத்தை எண்ணுகிறார்கள், நான் அம்மாவின் முகத்தையே பார்க்கிறேன். குண்டு பீரோ மேல் இருந்தபடி இருந்தது.

"அம்மா, குண்டு?"

"மறுவீட்டுக்கு வருவ இல்ல, அப்ப வெச்சுத் தரேன். இப்ப ஊசி எடுக்க எங்க நேரம்?" என்று என் தலைப்பூவைச் சரிசெய்தாள்.

மறுவீட்டுக்குப் போனேன். பொத்தானைக் காணோம் என்றாள். அடுத்த முறை ஆடி மாதம், இப்போது வேண்டாம் என்றாள். அதற்கடுத்து நூல் மட்டம், ஊசி துரு, கை வலி. என் கணவருக்கு ஊரின் மறுகோடியில், ஹெப்பகோடி பக்கத்தில் வேலை என்பதால் நாங்கள் அங்கேயே குடியிருந்தோம். பஸ்ஸில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பாதி உயிரை விட்டு, அப்புறம் ஆட்டோ பிடித்து, ஜோகுபாளையம் போய் இறங்கினால் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். "என்ன, யானைக்கு இன்னும் கண் ஆஸ்பத்திரில தேதி கெடைக்கலியா?" என்று நான் நக்கலாகக் கேட்பேன். "அடுத்த தடவ வா, கண்டிப்பா வெச்சுத் தரேன்" என்பாள். எனக்குக் கோபம்தான் வரும். ஊருக்கெல்லாம் கண் வைத்தவள், பெற்ற பெண்ணுக்கு மட்டும் ஏமாற்றுகிறாளே என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் "அடுத்த தடவை"க்குப் போவேன். என் மகள் பிறந்து, அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவேன்.

போன மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள்.

கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவோடேயே இருந்தவள் விஜி அக்கா. அப்பாவும் போய், அம்மா தையலையும் நிறுத்திய பிறகு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் வீட்டை நடத்தினாள். அவள் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவதால் வீட்டில் அம்மா என்ன செய்தாள் என்று அவளுக்கும் தெரியாது. காரியமெல்லாம் முடிந்து, வீட்டைக் காலி செய்யும்போது மிஷின் டிராயரைத் திறந்தோம். மேலேயே இருந்தன அப்பாவின் கோட்டுப் பொத்தான்கள். காணாமல்போன பொத்தான்கள்! இரட்டை நூல் அவற்றில் கோத்தபடியே இருந்தது, நடுவில் வெட்டுப்பட்டு. அக்கா பீரோ மேலிருந்து குண்டுவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். அவள் முகம் மாறியது.

"சுதா, இங்க பாரு."

ஊசியோடு வளர்ந்தவர்கள் நாங்கள். துணியில் ஒரு தையல் போட்டுப் பிரித்திருந்தாலே விரலால் தடவிச் சொல்லிவிடுவோம். குண்டுவின் கண் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும், என் பழைய கரித்தீற்றலுக்கு நடுவே, வெல்வெட்டின் மயிர் முழுக்கக் கொட்டி, ஓட்டை மேல் ஓட்டையாக, சல்லடையாக இருந்தது.

"வெச்சு வெச்சுப் பிரிச்சிருக்குடி" என்றாள் அக்கா.

ஒருமுறை இரண்டு முறை இல்லை. நான் வருகிறேன் என்று போன் செய்த நாளிலெல்லாம் வைத்திருக்கிறாள். அவள் வழக்கம் எனக்குத் தெரியாதா? வாசற்படியில், தெருவைப் பார்க்கத்தான் குண்டுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முனையில் என் ஆட்டோச் சத்தம் கேட்டதும் நூலை வெட்டிப் பொத்தானை எடுத்திருப்பாள். கொடுத்துவிட்டால் அப்புறம் "அடுத்த தடவை" என்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? பைத்தியக்காரி. குண்டு இல்லாவிட்டால் நான் வராமல் இருந்துவிடுவேனா? அதை வாய்விட்டுக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே. அவளும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நாங்கள் இருவரும் ஒரு யானையை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டபடியே காலத்தைக் கழித்துவிட்டோம். அன்றைக்கு அக்காவும் நானும் அந்த வெறும் வீட்டில் உட்கார்ந்து அழுதோம்.

அந்த வட்டாரம் இப்போது இல்லை. குழாய், முற்றம், வாசற்படி எல்லாவற்றையும் இடித்துவிட்டு, ஐ.டி. பிள்ளைகள் தங்குவதற்கு ஒரு பி.ஜி. கட்டியிருக்கிறார்கள், எங்கள் வாசல் இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். அக்கா என்னோடு வந்துவிட்டாள். குண்டுவும் வந்துவிட்டது.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே கண் வைத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அதே பொத்தான், இரட்டை நூல், முகம் வெளியே பார்க்கப் பால்கனிப் படியில் உட்கார்ந்து அம்மா மாதிரியே ஊசியை விட்டு இழுத்தேன். பொத்தான் குழிக்குள் இறங்கவில்லை. துணியோடு பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. மறுபடி முயன்றேன், மறுபடி பிய்ந்தது. அந்த இடத்தில் இனிமேல் தையல் நிற்காது. "ஒட்டுத்துணி வெச்சுத் தெச்சா நிக்கும்" என்றாள் அக்கா. வேண்டாம் என்றுவிட்டேன். அம்மா போட்ட ஓட்டையை மூட எனக்கு மனசு வரவில்லை.

குண்டு இப்போது எங்கள் ஹெப்பகோடி வீட்டில் பீரோ மேல்தான் இருக்கிறது. வீடு மாறியது அதற்குத் தெரியாது. அது கடைசியாகப் பார்த்தது ஜோகுபாளையத்து வாசலிலிருந்து தெரியும் தெருவைத்தான். இன்னும் அம்மாவின் மடியிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு, முனையில் என் ஆட்டோச் சத்தம் கேட்கிறதா என்று, அந்தப் பெரிய காதை விரித்து வைத்துக்கொண்டிருக்கிறது.