வெள்ளையடித்த கற்கள்

ஒரு கடுங்குளிர் வருஷம். வீடு வாசல் இல்லாத கிழவர் ஒருவர் எங்கள் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். முன்பு சாமியார்கள் இருந்து இப்போது பாழடைந்து கிடக்கும் பழைய மடத்துச் சாவி அப்போது நோனி டார்ப்பியிடம் இருந்தது. இருட்டுவதற்குள் கம்பிக் கதவைப் பூட்டிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. நோனி போய்ப் பூட்டை மாட்டுவாள். சாவியை மட்டும் திருப்பமாட்டாள். மடத்தில் கூரை மிஞ்சியிருந்த ஒரே அறையில் வைக்கோல் மூட்டை ஒன்றும் கிடக்கும். மேற்பார்வைக்கு வந்தவர் கேட்டபோது, "குளிர்ல பூட்டு வெறைச்சுப் போச்சு சார், திரும்ப மாட்டேங்குது" என்றாள். அந்தக் கிழவரிடம்கூட அவள் இதைப் பற்றிப் பேசியதில்லை. பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே பனி உருகின பிறகுதான் விஷயம் புரிந்தது.

நான் மலைக்கு அந்தப்பக்கம் பிறந்தவள். இங்கே வாக்கப்பட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் கில்வாராக்காரர்களுக்கு நான் வெளியூர்க்காரிதான். பெரிய படிப்பெல்லாம் எனக்கு இல்லை. ஜெபப்புத்தகம் வாசிக்கத் தெரியும், கடிதம் எழுதத் தெரியும். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கவுண்டி என்று நாங்கள் சொல்லும் எங்கள் மாவட்டத்தில் வட்டக் கோபுரம் உண்டு, இடிந்த கோட்டை உண்டு, கல் சிலுவை உண்டு. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் தேடி வருவது மடத்தைத்தான். "சாவி எதிர் வீட்டில்" என்று கதவில் ஒரு பலகை இருக்கும். நோனி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாவி கொடுப்பாள். அவள் புருஷன் மலாக்கி, டார்ப்பி குடும்பத்துக்கு உரிய இடத்தில், மடத்துக்கு உள்ளேயே அடக்கமாகியிருந்தார். அவள் பிள்ளை இருந்தது வெளியே, வடக்குச் சுவருக்குப் பின்னால்.

அது ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளின் இடம். குருவானவர் மந்திரித்த கல்லறை மண்ணில் அவர்களுக்கு அப்போது இடம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் தகப்பன் ஒரு சின்னப் பெட்டியோடு தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வருவான். தலைமாட்டில் கையில் கிடைத்த கல் ஒன்றை வைப்பான். பெயரும் கிடையாது, பூசையும் கிடையாது. நோனிக்குப் பிறந்தது அந்த ஒரே பிள்ளைதான், அதுவும் மூச்சில்லாமல். மலாக்கி ஆற்றிலிருந்து சிவப்பு வரி ஓடிய ஒரு கல்லை எடுத்து வந்து வைத்தார். முட்செடி பிடுங்குகிற சாக்கில் நோனி அங்கே கொஞ்ச நேரம் நிற்பாள். யாருடைய பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஊரில் வயசான பெண்களுக்கெல்லாம் தெரியும். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். வெட்கம். அவர்கள் பெற்ற மற்றப் பிள்ளைகளுக்கே அது தெரியாது.

போப்பாண்டவர் எங்கள் நாட்டுக்கு வருவதற்கு முந்தைய வருஷம், கவுண்டியிலேயே நன்றாகப் பேணப்படும் பழஞ்சின்னத்துக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். கடைக்காரர் ஃபான்ஸி கெராட்டி ஒரு கமிட்டி போட்டார். அதே வாரம் நோனி லாஃப் டெர்க் ஏரித் தீவுக்கு யாத்திரையாக, உபவாசம் இருக்கக் கிளம்பினாள். போகும்போது சாவியை ஃபான்ஸியிடம் தன் கையாலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது வடக்குப் பக்கம் பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி இருந்தது. கமிட்டிப் பையன்கள் கல்லையெல்லாம் பொறுக்கி, மண்ணை உருளை போட்டுச் சமன் செய்து, மேலே புல்பத்தை பதித்திருந்தார்கள். மடத்துச் சுவரை ஒட்டி, பூசைக்கு நாங்கள் கோயிலுக்குப் போகும் பாதையின் இரண்டு ஓரத்திலும் அந்தக் கற்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் சுண்ணாம்பு அடித்தவை.

வெறுங்காலோடு தீவைச் சுற்றி வீங்கின காலை இழுத்துக்கொண்டு நோனி அந்த வரிசையோரம் குனிந்து குனிந்து போனாள். ஒவ்வொரு கல்லாக நகத்தால் சுரண்டினாள். நானும் சுரண்டினேன். ஒன்றில் சிவப்பு வரி தெரிந்தது.

"இது இருந்த எடம் எது, சபைனா?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? சுற்றியிருந்த கற்களை வைத்துத்தான் அவளுக்கே அடையாளம். கல் கிடைத்துவிட்டது, பிள்ளை கிடைக்கவில்லை.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் கமிட்டி கூடியது. நான் துணைக்குப் போனேன்.

"வாங்க நோனி, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் ஃபான்ஸி. "நடுவருங்க வர்றதுக்குள்ள உங்க வீட்டு வாசல்ல இருக்கிற கோழிக்கூண்டை எடுத்துடணும். கோழிக்குப் பரிசு கெடையாதாம்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"வடக்குப் பக்கத்துக் கல்லை எல்லாம் திருப்பிப் போடணும், ஃபான்ஸி."

"புல்லு வெட்டுற மிஷின் பிளேடை ஒடச்ச கல்லையா?"

"அங்க என் புள்ள இருக்கான்."

சிரிப்பு நின்றது. ஃபான்ஸி பேனாவை மூடி வைத்தார்.

"சரி, இருக்கட்டும். அவன் பேரு என்ன?"

பெயர் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லம்மா, பலகை எழுதப் போறோம், அதான் கேக்குறேன். மடத்தைக் கட்டின பிரபு பேரு இருக்கு, சாமியாருங்க பேரு இருக்கு. பேரே இல்லாதவனை நான் என்னன்னு எழுத?"

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நோனி ஃபான்ஸியை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"அட்ராக்டா, நீ சொல்லு. முள்மரம் ஒண்ணு இருந்துச்சே, அதுக்கு அடியில உன்னோடது, அதுக்கு இந்தப்பக்கம் என்னோடது. நாம நாலஞ்சு பேரு சேர்ந்து போய் நின்னா எடத்தைக் கண்டுபுடிச்சிடலாம். வாயேன்."

அட்ராக்டா லாவினுக்குப் பக்கத்தில் அவள் மகன் டோனல் உட்கார்ந்திருந்தான். டிராக்டரில் கல்லை அள்ளிப் போனவன் அவன்தான். அவன் அம்மா முகத்தைப் பார்த்தான். அவள் மடியிலிருந்த கையுறைகளைப் பார்த்தாள்.

"எனக்கு அங்க யாரும் இல்ல. இவ பட்டினி கெடந்து தலை கிறுகிறுத்துப் போய் வந்திருக்கா. யாராவது ரெண்டு ரொட்டி குடுங்க."

கூடமே சிரித்தது. சிரித்தவர்களில் பிள்ளையை அங்கே விட்ட வேறு தாய்மார்களும் இருந்தார்கள். ஆண்டவர் அவர்களை மன்னிப்பாராக.

நான் எழுந்தேன். "நோனி சொல்றது நெசம். நானும்..."

"நீங்க உக்காருங்க மிஸஸ். மலைக்கு அந்தப்பக்கத்துக் கல்லைப் பத்தித் தெரியணும்னா உங்களையே கேக்குறோம்" என்றார் ஃபான்ஸி.

நோனி வீட்டுக்குப் போகிற வழியில் தன் கல்லை வரிசையிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டாள். சுண்ணாம்பைக் கழுவி, சமையலறை அலமாரியில் தேவமாதா படத்துக்குக் கீழே வைத்தாள். நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் டோனல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "வரிசை பொக்கை வாய் மாதிரி இருக்குதாம். கொண்டா அந்தக் கல்லைன்னு ஃபான்ஸி சொல்லிவிட்டாரு" என்றான். அவனுக்கு அப்போதும் ஒன்றும் தெரியாது. நோனி கல்லைத் தன் ஏப்ரனால் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். அன்று மத்தியானமே அதற்கு மறுபடி வெள்ளையடித்தார்கள்.

பரிசு எங்கள் ஊருக்குத்தான் வந்தது. அந்த வெள்ளைக் கற்களை நடுவர்கள் தனியாகப் பாராட்டினார்களாம். அப்புறம் சாவி ஃபான்ஸி கடைக்குப் போனது; சாவி வாங்க வருகிறவர்கள் ஐஸ்கிரீமும் வாங்குவார்கள் அல்லவா? கதவிலிருந்த பலகையையும் மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு நோனி பூசைக்கு அந்தப் பாதையில் வருவதில்லை. சேற்று வயலைச் சுற்றிக்கொண்டு வருவாள். அப்படி வந்ததில்தான் மார்ச்சளி பிடித்தது. கவுண்டியின் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன்.

கடைசியாகப் போனபோது அட்ராக்டா கொடுத்தனுப்பிய அட்டை ஒன்றைக் கொண்டுபோனேன். நோனிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருப்பதாக அதில் அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். நோனி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு மார்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் எழுந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அவளோட கல்லு எதுன்னு எனக்குத் தெரியும், சபைனா. கோயில் கேட்டுக்குப் பக்கத்துல தட்டையா இருக்குதே, அதுதான். கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி தெனம் செருப்புச் சேத்தை அதுலதான் தேய்ச்சுட்டுப் போறா. அவகிட்ட சொல்லிடாத."