நாலு பேருக்கு உலை

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் இரண்டு ஸ்டாப் வந்தால் நஞ்சப்பன் தோட்டம். ஒரு காலத்தில் அந்தப் பேரைச் சொன்னாலே கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிட்டுவிடுவார். மத்தியான நேரத்தில் அந்த வீட்டுக்குப் போனவர்கள் யாரும் சாப்பிடாமல் திரும்பியதில்லை. மாட்டு வியாபாரி போனாலும் சரி, வில்லேஜ் ஆபீஸிலிருந்து வரி கேட்டுப் போனவரானாலும் சரி, இலை போட்டுவிட்டுத்தான் நஞ்சப்பன் பேச்சையே எடுப்பார்.

மௌனிகா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பேர் அளவுக்கு வருமானம் இருக்கவில்லை. தோட்டம் பார்க்கிற பையனுக்குப் பெண் தரமாட்டோம் என்று சொந்தத்தில் நாலைந்து இடத்தில் கையை விரித்த பிறகுதான் நஞ்சப்பன் மகன் ஆனந்தகுமாருக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். அவள் அப்பா பொள்ளாச்சியில் பஞ்சு மில் தொழிலாளி. சம்பளத்துக்குள் சாப்பிட்டு, சம்பளத்துக்குள் துணி எடுத்து, சம்பளத்துக்குள் காய்ச்சலும் வந்து போன வீடு அது. நஞ்சப்பன் தோட்டத்துச் சம்பந்தம் என்றதும் அவள் அம்மா தெருவில் நாலு வீடு ஏறிச் சொல்லிவிட்டு வந்தாள்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் வெள்ளை ஈ விழுந்தது. தென்னை ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் ஆயிற்று. அதற்கடுத்த கோடையில் போர்வெல் வற்றியது. இன்னொன்று போட்டார்கள். அதில் தண்ணீருக்குப் பதில் புழுதிப் புகைதான் வந்தது. கடன் வாங்கி மூன்றாவது போட்டார்கள். வந்த தண்ணீர் இரண்டு மாட்டுக்கும் வீட்டுக்கும் காணாது. ஆனந்தகுமார் தேங்காய் நார் மில்லில் சூப்பர்வைசர் வேலைக்குப் போனான். சம்பளத்தில் போர்வெல் கடன், கரண்ட் பில், அப்பா அம்மாவின் மாத்திரை எல்லாம் போக மிச்சத்தை மாதம் பிறந்ததும் மௌனிகா கையில் கொடுத்தான். ஏழாயிரம் ரூபாய். நாலு பேருக்கு ஒரு மாதச் சாப்பாடு. மாட்டுப் பாலை விற்ற காசு கேஸ் சிலிண்டருக்குப் போயிற்று. ரேஷனில் பெரிதாக உதவி இல்லை. நிலம் இருந்ததால் அவர்களுக்குச் சலுகை குறைந்த வெள்ளைக் கார்டு. நிலம் விளைகிறதா என்று கார்டுக்குத் தெரியாது.

அந்தப் பணத்தில் முதல் வருஷம் மௌனிகா வீட்டு வழக்கத்தை அப்படியே நடத்தப் பார்த்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டாள். இருபது தேதிக்கு மேல் தாவூத் மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கிக்கொண்டாள். ஆறேழு மாதம் அப்படி ஓடியது. ஒருநாள் கடையில் நாலு பேர் நிற்கும்போது தாவூத் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, நான் கேக்கறது தப்புன்னு நெனைக்காதீங்க. பெரியவர் முகத்துக்காகத்தான் இத்தனை நாளும் கேக்காம இருந்தேன்."

அவர் எவ்வளவு தணித்துப் பேசினாரோ அவ்வளவுக்கு மற்ற நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மௌனிகா பொள்ளாச்சி போய் அம்மா போட்ட ஜிமிக்கியை விற்று அந்தப் பாக்கியைத் தீர்த்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காதில் பிளாஸ்டிக் தோடு ஏறியதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கை மாறியது. உலைக்கு நாலு பேர் அரிசிதான். கடலை எண்ணெய் தாளிக்க மட்டும். பருப்பு ஒருநாள் என்றால் மறுநாள் கொள்ளு. காய்க்கு வாரத்தில் ஒருநாள் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போவாள். சந்தை கலைகிற நேரத்துக்குப் போனால் அடிபட்ட தக்காளியும் முற்றின வெண்டையும் கூறு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அடுப்படியில் அவள் பின்னால் வந்து நின்று மாமியார் பழனாத்தாள் ஒருநாள் சொன்னாள்:

"இந்த ஊட்டுல எண்ணெயைக் கரண்டியில அளந்து ஊத்துன பொம்பளை நீ ஒருத்திதான் புள்ள. எங்க மாமியா காலத்துல செம்புல மோந்து ஊத்துவோம்."

"தெரியுமுங்க அத்தை."

"புள்ளையா குட்டியா? ஆருக்காவப் புடிச்சுப் புடிச்சு வெக்கறயோ!"

மௌனிகாவுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சு குத்தவேண்டிய இடத்தில் சரியாகக் குத்தியது. பிடித்து வைக்க எங்கே இருக்கிறது, மாதக் கடைசியில் டப்பாவைக் கவிழ்த்தால் தூசிதான் விழுகிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது புருஷனின் சம்பளத்தைச் சொன்னதாகிவிடும். கரண்டியை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். ஏதோ திருடியவள்போல அன்றைக்கெல்லாம் யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினாள்.

இப்படித்தான் இருந்தது அவள் பாடு. செய்வது சரி என்று புத்திக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரியவில்லை. மாமனார் இரண்டாம் தரம் மோர் கேட்டு அவள் இல்லை என்று சொன்ன நாளில் அவளுக்கும் சோறு இறங்காது.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் நஞ்சப்பன் கோயில் கமிட்டி ரத்தினசாமியையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கும்பாபிஷேகப் பேச்சு. வாசலில் கால் வைக்கும்போதே குரல் கொடுத்தார்.

"மௌனிகா, நாலு எலை போடு கண்ணு!"

மாதத்தின் கடைசி வாரம் அது. அடுப்பில் நாலு பேர் சோறும் கொள்ளு ரசமும்தான் இருந்தன. அவள் அடுப்படி வாசலுக்கு அவரைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மாமா, வீட்டுக்கு மட்டுந்தானுங்க வெச்சிருக்கேன். அவிகளுக்குக் காப்பி போட்டுத் தர்றனுங்க."

"அதுக்கென்ன? இன்னொரு ஒலை வெய்யி. பேசிட்டிருக்கறதுக்குள்ள வெந்துரும்."

"அரிசி சனிக்கெழமை வரைக்கும் வரோணுங்க மாமா."

நஞ்சப்பன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புரியாத பாஷையில் யாரோ பேசியதுபோல் நின்றார். கூடத்திலிருந்து ரத்தினசாமி எழுந்துவிட்டார்.

"அட வேண்டாமுங்ண்ணா. நான் ஊட்டுல சொல்லிட்டு வந்துட்டேன். ஆக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பா."

மற்ற இருவரும் தங்கள் வீட்டிலும் ஆக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். காப்பிக்குக்கூட நிற்கவில்லை. அவர்கள் வண்டி போன பிறகு நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்த ஊட்டுல இனி நான் கை நனைக்க மாட்டேன்."

சொன்னபடி நனைக்கவில்லை. டீக்கடையில் பன்னும் வடையும் தின்று இரண்டு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் பொள்ளாச்சியிலிருந்து மகள் ஞானஜோதி கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆனந்தகுமாருக்கு மூத்தவள், மௌனிகாவுக்கு நங்கை முறை. அவள் புருஷனுக்குக் கொப்பரை வியாபாரம்.

"எங்கப்பன் ஊருக்கே சோறு போட்ட மனுசன். அவரை டீக்கடைப் பெஞ்சில உக்கார வெச்சுட்டயே!"

"நங்கை, நான் சாப்பிட வேண்டாம்னு சொல்லலீங்க. அவருக்கு வெச்ச சோறு அப்படியே..."

"பேசாத. உங்கப்பன் ஊட்டு மில் கோட்டர்ஸ் புத்தி உன்ன உட்டுப் போகுமா?"

ஆனந்தகுமார் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தான். வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாதது நங்கை பேசியதைவிட மௌனிகாவுக்கு அதிகமாகக் கசந்தது. ஏழாயிரம் கொடுத்தவன் அவன்தானே.

பொள்ளாச்சியில் மகள் அப்பாவை வாய் ருசிக்கக் கவனித்தாள். ஞாயிறு தவறாமல் கறி, காலையில் நெய் ரோஸ்ட், பேரன் வாங்கி வருகிற மைசூர்பாகு. நஞ்சப்பனுக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை போட்டால் போதும் என்று மகள் நம்பினாள். தை மாதம் காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் கறுத்தது. கணுக்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கார் நேராகத் தோட்டத்து வீட்டுக்கு வந்தது. மாடிப்படி ஏற முடியாதவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்றாள் ஞானஜோதி.

அதன் பிறகு அவரைக் குளிப்பாட்டியதும் புண்ணைத் துடைத்ததும் மௌனிகாதான். டாக்டர் சொன்ன கணக்கில் காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கிண்ணம் சோறும் கீரையும். இந்த முறை அளவு அவள் வைத்ததல்ல. ஆனால் முன்வாசலில் தகரக் கொட்டகைக்கடியில் கட்டிலில் கிடந்து, வருகிறவர்களிடமெல்லாம் நஞ்சப்பன் ஒன்றையே சொன்னார்.

"பசிக்குது சாமி. ரெண்டு இட்லிதான் போடறா."

கேட்டவர்கள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ரத்தினசாமியின் மனைவி ஒருநாள் கோயில் லட்டு நாலைக் காகிதத்தில் சுற்றித் தலையணைக்கடியில் செருகிவிட்டுப் போனாள். மௌனிகா விரிப்பு மாற்றும்போது அதைப் பார்த்து எடுத்தாள். கிழவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"வேண்டாமுங்க மாமா. இன்னொரு காலும் போயிருமுங்க."

அவர் அழுதார். ஊருக்குச் சோறு போட்ட கை அது, லட்டுக்காக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, லட்டைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கரைத்தாள். கட்டுத்தறியில் நின்றுகொண்டு வெகுநேரம் வீட்டுக்குள் போகவில்லை.

ஆடி முடிவதற்குள் நஞ்சப்பன் போய்விட்டார். மாரடைப்பு. எழவுக்கு வந்த கூட்டத்தின் நடுவில் ஞானஜோதி மாரில் அடித்துக்கொண்டாள்.

"பசியோட பசியா உசுரு போச்சே! கருமாதிக்காவது எங்கப்பன் பேருக்கு வயிறாரச் சோறு போடுங்க!"

அன்று சாயந்திரமே பேச்சு முடிவாகிவிட்டது. ஊர் முழுக்கச் சொல்லி, வடை பாயசத்தோடு விருந்து. மௌனிகா புருஷனைக் கட்டுத்தறிப் பக்கம் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எதுலிங்க போடுவீங்க?"

அவன் மாடுகளைப் பார்த்தபடி சொன்னான். "ரெண்டையும் ஒரு வியாபாரி கேட்டு வெச்சிருக்கான்."

"பால் காசு நின்னு போச்சுன்னா கேஸுக்கு என்னங்க பண்றது?"

"எங்கப்பனுக்கு மௌனிகா. ஒருக்காத்தானே. ஊருல ஏற்கெனவே என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதைப் பேசுகிறவர்களுக்குத்தான் அவன் விருந்து வைக்கிறான் என்பதும் தெரியும்.

விருந்து நன்றாக நடந்தது. பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நஞ்சப்பன் ஊட்டுச் சோறுன்னா சோறுதான் என்று ஏப்பம் விட்டபடி ரத்தினசாமி சொன்னார். மௌனிகா நின்ற காலோடு பாயசம் ஊற்றினாள். யாரும் இலையிலிருந்து தலை தூக்கி அவளைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த வடையை இரண்டு தூக்கில் அள்ளிக்கொண்டு ஞானஜோதி காரில் ஏறினாள். மறுநாள் காலையில் கட்டுத்தறியைக் கூட்டும்போது சாணி இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

அந்த மாதச் சம்பளத்தில் ஆனந்தகுமார் அவள் கையில் ஐயாயிரம்தான் வைத்தான்.

"பாக்கெட் பாலும் இதுலயே பாத்துக்க. கருமாதிக்குக் கொஞ்சம் வெளியில கடன் வாங்கியிருக்கேன்."

பார்த்துக்கொண்டாள். புருஷனுக்கு மில்லில் நாள் முழுக்க நிற்கிற வேலை. அவனுக்கு முட்டை குறையவில்லை. பழனாத்தாளுக்கு எலும்பு தேய்கிறதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குப் பாலும் முட்டையும் குறையவில்லை. ஐப்பசியில் ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது மௌனிகாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்துப் பார்த்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில் படுத்திருந்தாள். ஜோபி டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"இரத்தம் தீரெ இல்லல்லோ, கொஞ்சமும் இல்ல. வீட்டுல எல்லாரும் என்ன சாப்பிடும்?"

அவள் சொன்னாள். புருஷனுக்கு இன்னது, அத்தைக்கு இன்னது.

"அது அவர்க்கு. நீங்க?"

அவள் யோசித்தாள். கடைசியாக முட்டை தின்றது எப்போது என்று ஞாபகம் வரவில்லை. தயிர் எப்போது? சோற்றில் அடிப்பற்றும் ரசத்தில் வண்டலும் என்று அவள் நாள் கழிந்துகொண்டிருந்தது. எது கட்டுப்படியாகவில்லையோ அதையெல்லாம் இத்தனை வருஷமும் தன் தட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறாள். ஊரெல்லாம் கஞ்சப்பிசினாறி என்று பேசியது. மாமனாரின் சோற்றைக் குறைத்தவள் என்று அவளும் பாதி நம்பிவிட்டாள். உண்மையில் குறைந்தது யாருடைய சோறு என்று அந்த வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அசிங்கமாக ஏமாந்துபோனவளின் ஆத்திரம்தான் வந்தது.

இரும்புச் சத்து மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை, மூன்று தட்டு வைத்தாள். எப்போதும் எல்லாரும் எழுந்த பிறகு உட்காருகிறவள், அன்றைக்குக் கூடவே உட்கார்ந்தாள். முட்டை இரண்டுதான். ஒன்று புருஷன் தட்டில் இருந்தது. இன்னொன்று அவள் தட்டில் இருந்தது.

பழனாத்தாள் தன் தட்டைப் பார்த்தாள். பிறகு மருமகள் தட்டைப் பார்த்தாள்.

"ஏம்புள்ள, எனக்கு முட்டை?"

"நாளைக்குங்க அத்தை. இன்னைக்கு எனக்கு."

ஆனந்தகுமார் தலை நிமிர்ந்தான். "அம்மாவுக்கு எலும்பு..."

"எனக்கு ரத்தமில்லீங்க. மொறை வெச்சு மூணு பேருக்கும் வரும். பணம் இவ்வளவுதான், முட்டையும் இவ்வளவுதான்."

அவன் தன் முட்டையை எடுத்து அம்மா தட்டில் வைத்தான். அதையும் மௌனிகா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முன்பென்றால் அந்த இடத்திலேயே எழுந்து, தன்னுடையதை அவன் தட்டுக்கு மாற்றியிருப்பாள். பழனாத்தாள் முட்டையைத் தொடாமல் கேட்டாள்.

"பெத்தவளும் பையனும் பாத்துட்டிருக்க, எப்படிப் புள்ள உனக்குத் தொண்டையில எறங்குது?"

மௌனிகா முட்டையைப் பிட்டு உப்பில் தொட்டு வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள்.

"எறங்குதுங்க அத்தை" என்றாள்.