தர்மேந்திரன் தேய்த்த அலுமினியம்

ஈப்போவுக்கு அருகே கோப்பெங்கில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்புறம், ஒழுகும் தகரக் கூரைக்கு அடியில் பல மழைக்காலங்களைக் கழித்த ரிமோட் பொம்மை வண்டி அது. மண் தரையில் குதித்து ஓடுவதற்கென்றே செய்த, 'பகி' என்கிற ரகம். டயர்கள் வெடித்திருந்தன. ஒரு காலத்தில் பளிச்சென்ற நீலமாக இருந்த அலுமினியப் பாகங்கள் வெளுத்துச் சாயம்போன ஊதாவாகி, மூலைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தன. இரும்புக் கம்பிகளிலும் திருகாணிகளிலும் துரு ஏறியிருந்தது.

"இது பகி இல்லீங்க, பக்கி," என்றாள் மனைவி குமுதா. தர்மேந்திரன் சிரிக்கவில்லை.

அவன் லாரி டிரைவர். பீடோர், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போவதிலேயே அவன் வயது ஓடியிருந்தது. போன வருடம் ஒரு காலை, குலை ஏற்றி முடித்து லாரியில் ஏறப் போனவனுக்கு வலது கை கதவுப் பிடியைப் பற்றவில்லை. பற்றச் சொன்னான். கை கேட்கவில்லை. பக்கவாதம் என்றார்கள். காலும் பேச்சும் திரும்பிவிட்டன. கை மட்டும் பாதி திரும்பி, அதோடு நின்றுவிட்டது. லாரி லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் மற்றவர்களே அவனுக்குச் செய்து கொடுத்தார்கள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடலை வறுக்கும் இடத்துக்கு வேலைக்குக் கிளம்பும் முன் குமுதா அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுவாள். டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஷரபுதீன், அவனுடைய பழைய கூட்டாளி, கோழியைத் துண்டு போட்டுத்தான் தட்டில் கொண்டு வந்து வைப்பான். தர்மேந்திரன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிடுவான்.

பகி வண்டியைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததும் ஷரபுதீன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தோட்டத் திடல் ஒன்றில் ரிமோட் வண்டி ஓட்டும் கூட்டத்தில் அவனும் ஒருவன். "விரலுக்கு வேல குடுக்கணும்னு பிசியோவுல சொன்னாங்கல்ல மச்சான்? இத நோண்டிக்கிட்டு இருலா," என்றான்.

நோண்டுவது அவ்வளவு லேசாக இல்லை. இடது கையால் எல்-கீ சாவியைத் திருப்பியிருந்தால் திருகாணிகள் அன்றே கழன்றிருக்கும். அவன் வலது கையால்தான் செய்வேன் என்று உட்கார்ந்தான். சாவி வழுக்கியது. வழுக்க வழுக்க ஒரு திருகாணியின் ஆறுமூலைக் குழி தேய்ந்து வட்டமாகி, அதன் பிறகு எந்தக் கைக்கும் அசையாமல் போனது. துருப்பிடித்த கம்பிகளை வினிகரில் ஊறப் போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்து வெள்ளையாக்கினான். எண்ணெய் தடவ மறந்தான். ஈப்போ மழைக்காற்று சும்மா இருக்குமா? விடிந்து பார்த்தால் மறுபடி செம்மண் நிறம். வண்டியின் அடித்தட்டுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். ஈரத்தில் அது பால் ஆடை மாதிரி சுருங்கிக்கொண்டது. சுரண்டி எடுத்தான்.

முன் சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம் இரண்டும்தான் அவனை அதிகம் படுத்தின. அவற்றின் நீலப் பூச்சை எடுக்க, குழாய் அடைப்புக்குப் போடும் சோடாவைக் கரைத்து வீட்டுக்குப் பின்னால் வைத்தான். முதல் ஆர்ம் நன்றாக வந்தது. நுரைத்து, கறுத்து, துடைத்ததும் உள்ளே வெள்ளை அலுமினியம் தெரிந்தது. அவனுக்கு வெகுநாள் கழித்து விசில் அடிக்கத் தோன்றியது.

இரண்டாவதைப் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி. ஓடினான். ஒன்றரைக் கையால் கிளிப்புகளைப் பிடுங்கித் துணியை உள்ளே சேர்த்துவிட்டுத் திரும்புவதற்குள் சோடா ஆர்மைத் தின்றிருந்தது. மேலெல்லாம் பொடிக் குழிகள். ஒரு ஓரம் தகடு போல மெலிந்திருந்தது. அதைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு மழை விடும்வரை நின்றான்.

குமுதா வந்து கேட்டதும் சொன்னான்.

"துணி நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவுதுன்னு விட்டிருக்கலாமே."

"நனைஞ்சா நீதானே மறுபடி தொவைக்கணும்," என்றான் எரிச்சலாக.

விட்டுவிடவில்லை. துவைக்கும் தொட்டி ஓரத்தில் ஒரு வைஸை முடுக்கி, அதில் ஆர்மைக் கவ்வக் கொடுத்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தான். வலது கை நேராகப் போகாது. குறுக்கே கோடு கிழித்துவிடும். அந்தக் கோட்டை அழிக்க அதே கையால் மறுபடி தேய்ப்பான். இன்னொரு கோடு விழும். ஒருமுறை உப்புத்தாளைச் சுவரில் விட்டெறிந்தான். காகிதம்தானே, சத்தமே வரவில்லை. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஆனாலும் வாரங்கள் போகப் போக ஆர்ம்கள் மினுங்கத் தொடங்கின. கண்ணாடி மாதிரி இல்லை. தேய்ந்த கரண்டி மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. பிசியோ முடிந்து வீட்டுக்கு வந்தால், மேசைமேல் பகி நிற்கிறது. நீல ஆர்ம், அதிர்வு தாங்கும் நீல அப்சோபர், பளபளக்கும் திருகாணிகள். எல்லாம் புதிது. பக்கத்தில் ஷரபுதீன். குமுதா சிரித்த முகத்தோடு நின்றாள்.

"ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன் மச்சான். காலையிலேயே வந்து மாட்டிட்டேன். ஞாயித்துக்கெழம ஓட்டலாம்."

"பழசு எங்க?"

ஷரபுதீன் குப்பைத் தொட்டியின் பிடியில் தொங்கிய பிளாஸ்டிக் பையைக் கையால் காட்டினான். தர்மேந்திரன் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "வாரேன்க்கா," என்று ஷரபுதீன் கிளம்பினான்.

குமுதாவுக்குக் கோபம். "நல்லதுதானே செஞ்சாரு? அவரு மொகத்தக்கூடப் பாக்காம போனா என்ன அர்த்தம்?"

"பொத்தான நீ போடுற. கறிய அவன் வெட்டுறான். இது ஒண்ணுதான் நான் செஞ்சுக்கிட்டு இருந்தேன்."



அடுத்த நாள் காலை முதல் அவன் புதுப் பாகங்களைக் கழற்றினான். வலது கையால்தான். வியர்த்தது, சாவி விழுந்து விழுந்து எழுந்தது. குமுதா வேலைக்கு லீவு போட்டுவிட்டு எதிரே நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு திருகாணி உருண்டு அவள் காலடிக்கு வந்தது. பாதத்தால் தடுத்து நிறுத்தினாள். குனிந்து எடுக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அவன் எழுந்து வந்து, மேசையைப் பிடித்துக் குனிந்து எடுத்துக்கொண்டான். பகல் போய்விட்டது. பகியில் பழைய ஆர்ம்கள் ஏறியிருந்தன.

புதுசுகளை ஷரபுதீன் கடைக்குக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தான்.

"ஒம்மேல கோவம் இல்ல மச்சான். ஆனா என் சாமான தொடாத."

ஷரபுதீன் பையைத் திறந்து பார்த்தான். "கேட்டிருக்கணும்," என்றான். பிறகு, "சாப்புடுறியா?"

"வெட்டாம கொண்டா."

அன்று கோழியோடு வெகுநேரம் மல்லுக்கட்டினான். சட்டையெல்லாம் குழம்பு. ஷரபுதீன் கல்லாவை விட்டு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனார்கள். பகி முதலில் நன்றாகவே ஓடியது. வேக விசையை இடது விரல் அழுத்தும். திசை திருப்பும் சின்னச் சக்கரம் வலது கைக்கு. நேராகப் போகும்வரை பிரச்சினை இல்லை. வளைவு வந்ததும் கை தாமதமாகத் திரும்பியது. மண் மேட்டில் ஏறி, அப்பால் இருந்த பழைய மரக்கட்டையில் பகி முட்டியது. போய்த் தூக்கினால், சோடா தின்ற ஆர்ம் அந்த மெலிந்த ஓரத்தில் இரண்டாக முறிந்திருந்தது.

சுற்றி நின்றவர்கள் தங்கள் வண்டிகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். தர்மேந்திரனுக்கு உடைந்த துண்டைக் காட்டுக்குள் வீசலாம்போல் இருந்தது. இத்தனை வாரம் தேய்த்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் முணுமுணுத்தான்.

ஷரபுதீன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் பெட்டியில் அந்தப் புது ஆர்ம் இருந்தது. எடுக்கவில்லை.

"வேணுமா?" என்று மட்டும் கேட்டான்.

தர்மேந்திரன் உடைந்த துண்டைக் கீழே வைத்தான். பிறகு கையை நீட்டினான். "குடு. நான் மாட்டிக்கிறேன்."

புல்லில் உட்கார்ந்து, பகியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஆரம்பித்தான். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் தேய்ந்த கரண்டி நிறம். பார்க்கவே கண்றாவியாக இருந்தது. திருகாணி துளையில் நிற்காமல் சரிந்தது. மறுபடி வைத்தான். மறுபடி சரிந்தது. மற்றவர்களின் வண்டிகள் திடலில் சீறிக்கொண்டிருந்தன. ஷரபுதீன் என்ன செய்வதென்று தெரியாமல் அருகிலேயே நின்றான்.

"தள்ளி நில்லுலா," என்றான் தர்மேந்திரன், தலையை நிமிர்த்தாமல். "நெழல் விழுது."