கூரை தாங்கும் எடை

மண்ணூர் லீலா கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவள். பெங்களூர் ரோட்டோரம் எண்ணெய்த் தொட்டி செய்யும் கம்பெனியில் வேலை. எண்பத்து நான்காம் வருஷம் ஒரு பெரிய தொட்டிக்கு, கவிழ்த்த தட்டுபோல் லேசாக மேடிட்ட மெல்லிய தகட்டுக் கூரை போட்டார்கள். அது எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்ல வேண்டியவள் லீலா. துளையிட்ட அட்டைகளைத் தூக்கிக்கொண்டு, வாடகைக் கம்ப்யூட்டர் இருந்த கிண்டிக்கு அலைந்தாள்.

எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவாள். கூரை எவ்வளவு வளையும் என்று கம்ப்யூட்டர் ஊகித்து, பிழையைத் திருத்தித் திருத்தி விடையை நெருங்கும். கூரை தாங்க வேண்டிய எடையில் பாதிவரை சரியாகப் போகும். அதற்குமேல் திருத்தத் திருத்தப் பிழை பெருகி, எண்கள் தறிகெட்டு ஓடும். எடையை இன்னும் பொடிப்பொடியாக ஏற்றிப் பார்த்தாள். கணக்குக்காகக் கூரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்த வலையை நெருக்கிப் பார்த்தாள். பலனில்லை.

"பிழை வரம்பைத் தளர்த்தும்மா. விடை வந்துடும்," என்றார் மேலதிகாரி நரசிம்மன்.

தளர்த்தினாள். விடை வந்தது. எடை அழுத்த அழுத்தக் கூரையின் நடுப்பகுதி மேலே எழும்பியதாகச் சொன்னது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. எப்படி மாற்றினாலும் கணக்கு ஏன் அதே எடையில் முறிகிறது? கோளாறு கணக்கில் இல்லாமல் கூரையிலேயே இருந்தால்?

மறுநாள் எடையைக் கொடுக்கவில்லை. கூரையின் நடு இவ்வளவு இறங்கட்டும், அதற்கு எவ்வளவு எடை வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். கணக்கு முதல்முறையாகக் கடைசிவரை ஓடியது. வேண்டிய எடை பாதிவரை ஏறியது, பிறகு சரிந்தது. அதற்குமேல் கூரையால் தாங்கவே முடியாது, சடாரென்று உள்வாங்கிவிடும்.

அவள் விடைக்குக் காத்திராமல், தொட்டி நின்ற இருங்காட்டுக்கோட்டையில் அன்றைக்கே கூரைமேல் மணல் மூட்டை அடுக்கிச் சோதனை வைத்திருந்தார்கள். மூட்டை அடுக்குகிறவர்களில் அவள் அண்ணன் தசரதனும் இருந்தான். சைட்டில் போன் இல்லை. கையில் அகப்பட்ட லாரியை மறித்து ஏறினாள்.

போய்ச் சேர்ந்தபோது பாதி மூட்டைகள் ஏறியிருந்தன.

"நிறுத்துங்க சார்! ஆளுங்கள எறக்குங்க!"

"இன்னாம்மா, தொட்டி வாங்குற பார்ட்டி வந்துகினு கீறான். நரசிம்மன் சார் சொல்லட்டும்," என்றார் சைட் பொறுப்பாளர் பாண்டுரங்கன்.

லீலா அவரைத் தாண்டி ஓடி, தொண்டை கிழியக் கத்தினாள். "அண்ணா, கூர உள்ள பூந்துடும்! எறங்குண்ணா!"

தசரதன் எதற்கென்று கேட்கவில்லை. மற்றவர்களை விரட்டி ஏணியில் இறக்கினான். "நீ மொதல்ல வாண்ணா" என்று அவள் அழுததைக் காதில் வாங்காமல் கடைசியாகத்தான் ஏணிக்கு வந்தான். அதற்குள் டமாரென்ற சத்தம். கூரை குழிந்து, அந்த அதிர்வில் ஏணியோடு அவனைத் தூக்கி எறிந்தது.

யாரும் சாகவில்லை. தசரதனுக்கு இடுப்பு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே லீலா அழுதபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீ கரெக்டாத்தானே சொன்ன? இன்னாத்துக்கு அழுவுற?" என்றான்.

"லேட்டா சொன்னேன்ணா."

 அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்ப முயன்றான், வலியில் முடியவில்லை.

புதிய கூரைக்கு அடியில் இரும்புச் சட்டங்கள் வைத்தார்கள். அந்தக் கணக்கையும் லீலாதான் போட்டாள். தசரதன் அதற்குப்பிறகு கடைசிவரை உயரத்தில் ஏறி வேலை செய்யவில்லை.